உதவி: ஏற்காட்டிலிருந்து கிட் நகல் பாதியில் நிற்கிறது, பழைய வரலாற்றில் தேடினாலும் முடிவதில்லை

நாகலூர்வாசி:
வணக்கம். சேலம் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் எடைமேடைக் கணக்கு மென்பொருளை நான் பராமரிக்கிறேன். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து, அதன்படி விலை போடும் நிரல் அது. போன வாரம் ஒரு விவசாயி தன் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். 27.8 பாயிண்ட் என்று பதிவாகியிருக்கிறது, பணம் 27-க்குத்தான் போயிருக்கிறது. கணக்குக்குப் பாயிண்ட்டுக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் டன்னுக்கு 240 ரூபாய், பத்து டன் லோடுக்கு 2,400 ரூபாய் போகிறது. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட் என்ற மென்பொருள் ஒரு ‘கமிட்’டாகப் பதிவு செய்து வைக்கிறது. எந்தக் கமிட்டில் இது புகுந்தது என்று தெரிந்தால்தான் எத்தனை பேருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்ல முடியும். அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

சர்வர் சேலத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து வயர்கார்டு விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் தனிப்பாதை) வழியாக எஸ்எஸ்எச்-சில் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) போக வேண்டும். நிரலும் அதன் முழு வரலாறும் இருக்கும் கிட் களஞ்சியம் 3.8 ஜிபி. யாரோ சீட்டுகளின் புகைப்படங்களையும் உள்ளே போட்டுவிட்டார்கள். என் ரவுட்டரில் முதல் சிம் போட்டால் சிக்னல் நன்றாக இருக்கிறது, ஆனால் குளோன் (களஞ்சியத்தை நகலெடுப்பது) ஒரு வரியும் காட்டாமல் உறைந்துவிடுகிறது. இரண்டாவது சிம் போட்டால் 30, 45, 60 விழுக்காடு என்று எங்காவது அறுந்து, ‘ஏர்லி இஓஎஃப்’ (தரவு பாதியிலேயே முடிந்துவிட்டது) என்று வருகிறது. மறுபடியும் பூஜ்யத்திலிருந்துதான்.

உலாவியில் பழைய வரலாற்றைத் தேடினால் நேரம் கடந்துவிட்டது என்கிறது. கடைசியாக ‘பிளாப்:நன்’ வடிகட்டி போட்டுப் பகுதி நகல் எடுத்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. அதன் வரலாற்றில் ஒரு சொல்லைத் தேட ‘லாக்’ கட்டளையைப் பெரிய எழுத்து ‘-எஸ்’ விருப்பத்தோடு ஓட்டினால் ஒரு மணி நேரமாகியும் பதில் இல்லை. நகல் ஒரு சிக்கல், தேடல் இன்னொரு சிக்கல் என்று இரண்டு தனித்தனிக் கோளாறுகளா?

அஸ்தம்பட்டி:
கிட் அமைப்புகளில் ‘எச்டிடிபி.போஸ்ட்பஃபர்’ அளவை 500 எம்பி ஆக்கிப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

ஐந்துரோட்டுப் பெரியவர்:
அந்த அமைப்பு எச்டிடிபி வழியாகத் தரவை அனுப்பும்போது, முக்கியமாக நம் கமிட்டுகளைச் சர்வருக்குப் புஷ் செய்யும்போது வேலை செய்வது. குளோனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அதுவும் இவர் எஸ்எஸ்எச்-சில் போகிறார். புஷ் சிக்கல்களிலேயே பெரும்பாலானவற்றுக்கு அது உதவாது என்று கிட் ஆவணமே சொல்கிறது.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் அறுந்தால் இணைப்பு பலவீனம். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே உறைந்தால் பெரும்பாலும் பாக்கெட் (தரவு போகும் துண்டு) அளவுதான் காரணம். சிறிய பாக்கெட்டுகள் போய்விடும், பெரியவை வழியில் சத்தமில்லாமல் விழுந்துவிடும், விழுந்த செய்தியும் திரும்பி வராது. முதல் சிம்மைப் போட்டு எஸ்எஸ்எச்-சை ‘-வி’ (ஒவ்வொரு படியையும் காட்டச் சொல்வது) சேர்த்து ஓட்டுங்கள். சாவிப் பரிமாற்றத்துக்கான பதிலை எதிர்பார்க்கும் வரியில் நின்றால் என் ஊகம் சரி.

பிறகு விபிஎன்னுக்குள்ளிருந்து துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். வயர்கார்டு வழக்கமாக எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1420 பைட் என்று வைக்கும். தலைப்புகளுக்கு 28 பைட் போக, 1392-இலிருந்து இறங்கிக்கொண்டே வாருங்கள்.

நாகலூர்வாசி:
சொன்ன இடத்திலேயே நின்றது ஐயா! 1392-க்குப் பதில் இல்லை, 1352-க்கும் இல்லை. 1340 போகிறது.

ஐந்துரோட்டுப் பெரியவர்:
1340-உடன் 28 சேர்த்தால் 1368. கொஞ்சம் இடம் விட்டு உங்கள் பக்க வயர்கார்டு எம்டியுவை 1360 ஆக்குங்கள். இனி இணைப்பு தொடங்கும்போதே உங்கள் கணினி சிறிய அளவைச் சர்வருக்குச் சொல்லிவிடும், அதுவும் சிறிய பாக்கெட்டுகளாகவே அனுப்பும்.

செவ்வாய்ப்பேட்டை:
இவ்வளவு எதற்கு? அலுவலகத்தில் யாரையாவது ‘பண்டில்’ கட்டளையில் எல்லாக் கிளைகளையும் ஒரே கோப்பாக்கிப் பென் டிரைவில் போடச் சொல்லுங்கள். பஸ்ஸில் ஏறி வரட்டும். அந்தக் கோப்பிலிருந்து குளோன் செய்து, ‘ஆரிஜின்’ (நகல் எங்கிருந்து வந்தது என்ற) முகவரியைச் சர்வருக்கு மாற்றினால், அதன் பிறகு புதியவை மட்டும் இறங்கும். இணைப்பு வழியாகத்தான் வேண்டும் என்றாலும் பண்டில் ஒரு சாதாரணக் கோப்பு, ‘ஆர்சிங்க்’ என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குளோனுக்கு அந்த வசதி இல்லை.

ஐந்துரோட்டுப் பெரியவர்:
அருமையான வழி, மலைமேல் இருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது. ஆனால் தேடல் ஏன் நிற்கிறது என்பதையும் இவர் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதம் இதே இடத்தில் நிற்பார்.

தம்பி, உங்களுடையது இரண்டு சிக்கல் அல்ல, தேடலும் அதே இணைப்பில்தான் மாட்டுகிறது. ‘பிளாப்:நன்’ என்றால் கமிட்டுகளும் கோப்புறைப் பட்டியல்களும் வரும், பழைய கோப்புகளின் உள்ளடக்கம் வராது. ‘-எஸ்’ தேடல் ஒவ்வொரு கமிட்டிலும் முன்னும் பின்னும் உள்ளடக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும். இல்லாததை ஒவ்வொன்றாகச் சர்வரிடம் கேட்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய், மறுபடியும் ஏறி வருவதைப் போல. உங்கள் செயலி சும்மாதான் இருந்திருக்கும், இணைப்புதான் தத்தளித்திருக்கும்.

பழைய நகலைத் தூக்கிவிட்டு ‘--ஃபில்டர்=பிளாப்:லிமிட்=200கே’ போட்டு எடுங்கள். 200 கேபி-க்குக் குறைந்த எல்லாம் முழு வரலாற்றோடு வரும், அதாவது நிரல் முழுவதும் வரும். புகைப்படங்கள் பெரும்பாலும் சர்வரிலேயே தங்கிவிடும். சர்வரில் ‘அப்லோட்பேக்.அலோஃபில்டர்’ இயங்க வேண்டும், முன்பு பகுதி நகல் கிடைத்திருப்பதால் அது இயங்குகிறது.

தேடும்போது விலை போடும் கோப்பின் பாதையையும் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் புகைப்படங்களையும் இழுக்கத் தொடங்கும். ‘கமிட்-கிராஃப் ரைட்’ கட்டளையை ‘--ரீச்சபிள் --சேஞ்ச்டு-பாத்ஸ்’ சேர்த்து ஒரு முறை ஓட்டினால் அந்தக் கோப்பைத் தொடாத கமிட்டுகளை கிட் பெரும்பாலும் தாண்டிப் போகும். 2020-இல் வந்த 2.27 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

நாகலூர்வாசி:
எம்டியு மாற்றியதும் முதல் சிம் ஓடுகிறது. புது நகல் 140 எம்பிதான், ஒரே மூச்சில் முடிந்தது. தேடலும் நான்கு வினாடியில் முடிகிறது. ஆனால் தசமத்தை வெட்டும் ‘ஃப்ளோர்’ என்ற சொல்லை ‘-எஸ்’ போட்டுத் தேடினால் அந்தக் கோப்பு உருவான முதல் கமிட் மட்டுமே வருகிறது. அந்தக் கமிட்டில் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஐந்துரோட்டுப் பெரியவர்:
‘-எஸ்’ அந்தச் சொல் கோப்பில் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறினால்தான் காட்டும். யாராவது அந்த வரியை இடம் மாற்றியிருந்தால் எண்ணிக்கை அப்படியே இருக்கும். பெரிய எழுத்து ‘-ஜி’ போடுங்கள். சேர்த்த வரியிலோ நீக்கிய வரியிலோ அந்தச் சொல் இருந்தாலே போதும், காட்டிவிடும்.

நாகலூர்வாசி:
கிடைத்துவிட்டது. 2022 ஆகஸ்ட், கமிட் குறிப்பு ‘சிறு சீரமைப்பு’. முன்பு மொத்தத் தொகையில்தான் பைசாவை வெட்டினார்கள். அந்தக் கமிட்டில் வெட்டும் வரி இரண்டு வரி மேலே போய்விட்டது, பெருக்குவதற்கு முன்பே பாயிண்ட்டை வெட்டியிருக்கிறது. எழுதியவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று அடுத்தடுத்த கமிட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது.

வரியைத் திருத்திவிட்டேன், 27.8-க்கு ஒரு சோதனையும் எழுதி வைத்தேன். பாயிண்ட் எண்கள் தரவுத்தளத்தில் தசமத்தோடு பத்திரமாக இருப்பதால் அன்று முதல் வந்த ஒவ்வொரு லோடுக்கும் வித்தியாசத்தை எடுக்க முடிகிறது. அந்த விவசாயியின் மூன்று லோடுகளுக்கும் முதலில் கணக்குப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பட்டியலோடு கீழே இறங்கி ஆலை முதலாளியைப் பார்க்கிறேன்.