பெரியப்பாவின் எண்டோஸ்கோபியும் அரை மாத்திரையும்

*குழு: ஆத்தூர் வீட்டு உறவுகள்*

*செவ்வாய்*

கலா சித்தி: அத்தானுக்கு வியாழக்கிழமை எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி இரண்டும் ஒன்றாகச் செய்கிறார்கள். ஒப்புதல் தாளில் மிடாசோலம், ஃபென்டனில் என்று எழுதியிருக்கிறது. தேவைப்பட்டால் ப்ரோபோஃபாலும் கொடுப்பார்களாம். குழாய் விட்டுப் பார்க்க எதற்கு மூன்று மருந்து? செல்வி, நீ எண்டோஸ்கோபி அறையிலேயே வேலை பார்க்கிறவள், சொல்லம்மா.

மதுரை மாமா: ப்ரோபோஃபாலா? மைக்கேல் ஜாக்சன் செத்தது அதில்தானே! அத்தான், வேண்டவே வேண்டாம். எனக்குத் தொண்டையில் மரத்துப்போக மருந்து அடித்துவிட்டு அப்படியே குழாயை விட்டார்கள். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

மதுரை அத்தை: ஓங்கரித்து ஓங்கரித்துக் கண் சிவந்து, நர்ஸ் கையைக் கிள்ளிவிட்டு வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மதுரை மாமா: கிள்ளவில்லை. பிடித்துக்கொண்டேன்.

செல்வி அக்கா: மாமா, 2009இல் அவருக்கு மூச்சு நின்றது வீட்டில். தூங்குவதற்காக அந்த மருந்தை ஏற்றிக்கொண்டார். மூச்சைக் கவனிக்கச் சரியான கருவி இல்லை, மருந்து கொடுத்த டாக்டரும் அறையை விட்டுப் போய்விட்டார். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

செல்வி அக்கா: சித்தி, மிடாசோலம் பயத்தையும் நினைவையும் எடுக்கும், வலியை எடுக்காது. குடல் வளைவில் குழாய் திரும்பும்போது வயிறு இழுத்துப் பிடிக்கும். அதற்குத்தான் ஃபென்டனில். ஒன்றையே நிறையக் கொடுப்பதைவிட இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஆள் அமைதியாகப் படுத்திருப்பார். ஆனால் சேர்ந்தால் இரண்டும் மூச்சைக் குறைக்கும். அது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல் கணக்கு. இந்த இரு வகை மருந்துகளையும் சேர்ப்பது பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016இல் கட்டம் போட்ட எச்சரிக்கையே கொடுத்தது. அறுபதைத் தாண்டியவர் என்றால் நாங்கள் ஒரு மில்லிகிராம் மிடாசோலம் கொடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் காத்திருப்போம். அவசரப்பட்டு அடுத்த ஊசி போடுவதில்தான் ஆபத்து.

நான்: ப்ரோபோஃபால் அக்கா?

செல்வி அக்கா: பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்தது. ஒரு நிமிடத்துக்குள் தூக்கம், நிறுத்தினால் சீக்கிரம் விழிப்பு. எங்களுக்கெல்லாம் பிடித்த மருந்து. ஒரே குறை, அளவு மீறினால் முறிக்க மருந்து கிடையாது. மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில் உண்டு, ஃபென்டனிலுக்கு நலோக்சோன் உண்டு. இதற்கு எதுவும் இல்லை. தானாகத் தெளியும்வரை மயக்க மருத்துவர்தான் மூச்சைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்: டெக்ஸ்மெடெடோமிடின் என்று இன்னொரு மயக்க மருந்து மூச்சை அவ்வளவாகத் தொடாது என்று படித்தேன்.

செல்வி அக்கா: உண்மைதான். ஆனால் நாடித்துடிப்பை இறக்கிவிடும். பெரியப்பா ஏற்கெனவே பிபிக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார், அதுவும் நாடியைக் குறைக்கும், இப்போதே நாடி 58. அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். கெட்டமைன் என்ற மயக்க மருந்து மூச்சைக் காப்பாற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். விழிக்கும்போது சிலர் எதையோ கண்டு அலறுவார்கள். சரி, பெரியம்மா, பெரியப்பா குறட்டை விடுவாரா?

பெரியம்மா: பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கிறது. நடுவில் சத்தமே நின்றுபோகும். நான்தான் தோளைத் தட்டுவேன்.

பெரியப்பா: பொய். நாய் பூனையைப் பார்த்துக் குரைக்கிறது.

செல்வி அக்கா: தூக்கத்தில் மூச்சு நிற்பதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வேறு மாத்திரை ஏதும்?

பெரியப்பா: பிபி, சர்க்கரை. அவ்வளவுதான்.

பெரியம்மா: 📷 படம்

பெரியம்மா: கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார். இது என்ன செல்வி?

செல்வி அக்கா: அல்பிரசோலம் 0.5. பெரியப்பா!

பெரியப்பா: அரை மாத்திரைதான் அம்மா. தூக்கம் வருவதில்லை. இரண்டு வருடமாக.

செல்வி அக்கா: அது மிடாசோலத்தின் உடன்பிறப்பு. சித்தி மூன்று மருந்து என்று எண்ணினாரே, நான்காவது உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்திருக்கிறது. மைக்கேல் ஜாக்சன் உடலில் ப்ரோபோஃபால் மட்டும் இல்லை, இதே குடும்பத்து லோரசெபாமும் இருந்தது. உங்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அவர்கள் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் இன்றே நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது, திடீரென்று விட்டால் வலிப்புகூட வரலாம். நாளைக்கே அட்டையோடு போய்க் காட்டுங்கள்.

மதுரை மாமா: அத்தான், நம் வீட்டிலேயே ஒரு மைக்கேல் ஜாக்சன்.

பெரியப்பா: வியாழன் மதியம் பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்டிருக்கிறேன். காலையில் இதை முடித்துவிட்டு நேராகப் போய்விடலாம் இல்லையா?

செல்வி அக்கா: கூடவே கூடாது. 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, எதிலும் கையெழுத்தும் போடக் கூடாது. டோக்கனை மாற்றுங்கள்.

பெரியப்பா: எனக்கு அப்படியெல்லாம் மறக்காது.

*புதன்*

பெரியம்மா: காட்டிவிட்டோம். மயக்க மருத்துவர் கோபப்படவில்லை, சொன்னது நல்லது என்றார். ஃபென்டனில் வேண்டாமாம். மிடாசோலம் ஒரே ஒரு மில்லிகிராம், மீதிக்கு ப்ரோபோஃபாலை அவரே பக்கத்தில் நின்று சிறிது சிறிதாகக் கொடுப்பாராம். மூக்கில் ஏதோ குழாய் வைப்பார்களாம்.

செல்வி அக்கா: வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் குழாய். ஆக்சிஜன் வைத்திருக்கும்போது விரல் கிளிப்பில் எண் இறங்கத் தாமதமாகும். மூச்சு நின்றால் இந்தக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இனி நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

*வியாழன்*

பெரியம்மா, 10:40: முடிந்தது. குடல் சுத்தமாக இருக்கிறது. வயிற்றில் சின்னப் புண், சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியப்பா, 11:05: முடிந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. செல்வி, இட்லி சாப்பிடலாமா?

செல்வி அக்கா, 11:06: அங்கே நர்ஸ் சரி என்றதும் சாப்பிடலாம் பெரியப்பா. முதலில் தண்ணீர்.

பெரியப்பா, 11:09: முடிந்துவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. செல்வி, இட்லி சாப்பிடலாமா?

மதுரை மாமா, 11:10: அத்தான், மறக்காது என்றீர்களே?

செல்வி அக்கா, 11:10: பெரியம்மா, போனை வாங்கி வையுங்கள். சட்டைப் பையில் பேனா இருந்தால் அதையும்.

பெரியப்பா, 11:12: முடிந்துவிட்டது. செல்வி, இட்லி