கலரில் எடுத்த நுவார் படங்கள்: பரிந்துரை தேவை

நண்பர்களே, ஒரு உதவி. எங்கள் சினிமா வட்டத்தில் பழைய ஹாலிவுட் கலர் நுவார் படங்களைப் பற்றிப் பேச ஒத்துக்கொண்டிருக்கிறேன் (நுவார் என்றால் துரோகம், கொலை என்று இருண்ட கதை சொல்லும் குற்றப் படங்கள், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வந்தவை). ஹென்றி ஹாத்தவே இயக்கிய 'நயாகரா' (1953) படத்தை மையமாக வைத்திருக்கிறேன்.

அருவிக்கரை விடுதியில் தங்கியிருக்கும் கணவன் ஜோசப் காட்டன். கள்ளக்காதலனை வைத்து அவரைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடும் மனைவி மர்லின் மன்றோ. காரியம் முடிந்ததும் மணிக்கூண்டின் மணிகளில் அவளுக்குப் பிடித்த பாட்டு ஒலிக்க வேண்டும், அதுதான் சைகை. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்!) பாட்டு ஒலிக்கிறது, ஆனால் செத்தது காதலன். பிறகு அதே மணிக்கூண்டுக்குள் கணவன் அவள் கழுத்தை நெரிக்கிறான். அப்போது மணிகள் அசையாமல், சத்தமில்லாமல் தொங்குவதைக் காட்டுகிறார்கள் பாருங்கள், அந்த இடத்துக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம்.

இருட்டும் நிழலும்தான் நுவார் என்பார்கள். இதில் ஒளிப்பதிவாளர் ஜோ மெக்டொனால்ட், ஜன்னல் தட்டிகளின் நிழல்கோடுகளோடு மன்றோவின் பளிச்சென்ற ரோஜா நிற உடையையும் சேர்த்தே பயமுறுத்துகிறார்.

1940, 50களில் கலரில் வந்த, கணவன் மனைவி துரோகத்தைச் சொல்லும் வேறு படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். 'லீவ் ஹெர் டு ஹெவன்' (1945) பார்த்தாயிற்று. 'டயல் எம் ஃபார் மர்டர்' (1954) வேண்டாம், அதில் நாடக மேடை வாசனை கொஞ்சம் தூக்கல். அப்புறம், டெக்னிகலர் (அந்தக் காலக் கலர் பட முறை) நிறம் வெளிறாத நல்ல பிரதி 'நயாகரா'வுக்கு எங்கே கிடைக்கும்? சப்டைட்டில் இருந்தால் ரொம்ப நல்லது.