தகைப்பா நெருக்கீடா, கடை பூட்ட முதல் சொல்லுங்கோ

வெள்ளவத்தை டீச்சர்:
நாளைக்கு விடிய வகுப்பு, நோட்ஸ் இண்டைக்கே போட்டோக்கொப்பிக்குப் போகணும். ஸ்ட்ரெஸ் ஜீன் ஃபேமிலிக்குத் தமிழில என்ன போடுறது? வரட்சி, உப்பு, வெள்ளம் எண்டு வரேக்க பயிருக்குள்ள வேலைசெய்யுற மரபணுக் கூட்டம். "தகைப்பு மரபணுக் குடும்பம்" எண்டு போட்டா "மிஸ், நெல்லை ஆர் இழுக்கினம்?" எண்டு ஒரு பெடியன் கேக்கிறான், பௌதிகவியலில கம்பியை இழுத்தா வாறதும் தகைப்புத்தானே.

கொட்டாஞ்சேனை ஐயா:
பிள்ளை, தகைப்பை விடாதேங்கோ. தகைத்தல் எண்டா தடுத்து நிறுத்துறது. உப்பு வளர்ச்சியைத் தடுக்குதல்லோ. பழைய இலக்கியத்தில தகைப்பு படைவகுப்பும்தான், அதில இருந்து பாத்தா... சரி, அது பெரிய கதை, பிறகு எழுதுறன்.

தெகிவளை:
பெடியனுக்குப் படை எதுக்கு ஐயா? உளநெருக்கீடு எண்டு எல்லாரும் சொல்லுறம், நெருக்கீடு போடுங்கோ. அழுத்தம் வேண்டாம், இந்தியாக்காரர் அமுக்கத்துக்கு அதைத்தான் சொல்லுறவை. குடும்பமும் குழப்பும், அவரைக் குடும்பம் ஏற்கனவே இருக்கு. குலம் எண்டா என்ன?

பம்பலப்பிட்டி:
குலமோ! உயிரியல் புத்தகத்தில உயிரினங்களைப் பிரிக்கிற பேராச் சாதியும் வருணமும் ஏற்கனவே இருக்கு, குலமும் வந்தா கலியாணப் புரோக்கரையும் கூப்பிடவேண்டியதுதான். கிளை நல்லது. ஒரு மரபணு இரட்டிச்சு, பிரதிகள் போகப்போக வேறவேற வேலை எடுத்துத்தான் இந்தக் கூட்டமே வந்தது, வோர்க்கி (WRKY) எண்ட ஒரு கூட்டத்தில மட்டும் நெல்லில 100க்கு மேல மரபணு. உறவும் கிளை, பிரிஞ்சதும் கிளை. ஸ்ட்ரெஸுக்கு வாட்டம் போடுங்கோ, அம்மம்மாவுக்கும் விளங்கும்.

தெகிவளை:
வெள்ளத்துக்குள்ள நிக்கிற நெல் எங்க வாடுது? ஒடிசாவின்ர எஃப்ஆர்13ஏ நெல்லில இருந்து வந்த சப்1ஏ மரபணுவைப் பாருங்கோ, 2006இல கண்டுபிடிச்சு வெளியிட்டவை. அது இருந்தா பயிர் தண்ணிக்கு மேல தலையை நீட்ட அந்தரப்படாமல், வளர்றதை நிப்பாட்டி, இருக்கிற மாச்சத்தை மிச்சம்பிடிச்சு இரண்டு கிழமை வரைக்கும் சும்மா கிடக்கும்.

கொட்டாஞ்சேனை ஐயா:
பாத்தீங்களே! தன்னைத்தானே தகைச்சுக்கொண்டு கிடக்கு!

வெள்ளவத்தை டீச்சர்:
அப்ப ஐயா, தகைப்பு பயிர் செய்யுற வேலையாகிடுமே, வெள்ளத்துக்கு வேற சொல் வேணுமே? நான் நெருக்கீட்டு மரபணுக் குடும்பம் எண்டு அடிச்சிட்டன். கிளை வடிவான சொல், ஆனா கூர்ப்பு (பரிணாம) மரத்தில கிளை வரையேக்க முட்டும். சோதினையில எது வருமோ தெரியாது, தகைப்பையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டிருக்கு. கடைக்காரன் லைட்டை நூத்திட்டான்.

கொட்டாஞ்சேனை ஐயா:
அடைப்புக்குறிக்குள்ளயோ? படைவகுப்புக் கதையை நாளைக்கு விரிவா எழுதுறன்.