விளைவா, விழுகையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நிகழ்தகவில் வரும் outcome என்பதற்குத் தமிழில் 'விளைவு' என்ற சொல்லே போதும் என்று இந்த இழையில் பலர் எழுதியிருக்கிறீர்கள். போன ஞாயிறு வரை நானும் உங்கள் கட்சிதான்.

பெங்களூரு அல்சூரில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு வாரக் கடைசியில் தமிழில் கணக்கு சொல்லித்தருகிறேன். நிகழ்தகவு பாடத்துக்குப் பகடை வாங்க மறந்துபோய், வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுபோனேன். கட்டைக்கு நான்கு பக்கம். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஆக 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஏழில் ஒன்று என ஒரு பெண் சட்டென்று எழுதிவிட்டாள். 40 தடவை உருட்டினோம். பன்னிரண்டு ஒரே ஒரு தரம். மூன்றுக்கு நேரே கோடுகள் குவிந்துவிட்டன. "மிஸ், கட்டையில கோளாறு" என்றாள்.

கோளாறு சொல்லில். விளைவு என்றால் கடைசியில் கிடைப்பது என்றுதான் அவளுக்குத் தோன்றும். கூட்டி வந்த எண்ணை அப்படிச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தரையில் கிடப்பது ஒரு சோடி. அப்படி 16 சோடிகள் உண்டு. மூன்றுக்கு நான்கு வழி (0–3, 3–0, 1–2, 2–1), தாயத்துக்கு, அதாவது ஒன்றுக்கு, இரண்டு, பன்னிரண்டுக்கு ஒன்றே ஒன்று.

தரையில் கிடக்கும் சோடியை 'விழுகை' என்போமே. 'கூட்டினால் மூன்று' என்பது நிகழ்ச்சி (event). அதில் நான்கு விழுகைகள். பையிலிருந்து பந்தை எடுத்தால் எது விழுகிறது என்று கேட்பீர்கள். சீட்டு யாருக்கு விழுந்தது, பரிசு விழுந்ததா, பூ விழுந்ததா தலை விழுந்ததா என்றுதானே பேசுகிறோம்? ஒருவர் சொன்ன 'பேறு' அழகான சொல்தான், ஆனால் என் பிள்ளைகளுக்கு அது மகப்பேறு மருத்துவமனைப் பலகையில் மட்டுமே அறிமுகம்.

random experiment என்பதற்கான 'சமவாய்ப்புச் சோதனை' இன்னொரு தலைவலி. எல்லாம் சமமாக வரும் என்றே பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். random என்பதற்கு இலங்கையில் புழங்கும் 'எழுமாற்று' எனக்குப் பிடிக்கிறது. அதைத் தனி மடலில் பேசுவோம்.

அடுத்த ஞாயிறு இரண்டு பகடைகள், 36 விழுகைகள். இதைவிட நல்ல சொல் இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். பலகையில் அதையே போடுகிறேன்.