வாத்து விழவே இல்லை: பழைய டிவி கேமைத் துடைத்த மூவரின் அனுபவங்கள்

கானாடுகாத்தானிலிருந்து

அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்காகப் போன தை மாதம் ஊர் வீட்டைத் திறந்தோம். மூன்று வருடப் பூட்டு. இரண்டாம் கட்டு உள்ளறைப் பெட்டகத்தில், மரவைகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் அடியில் என் டிவி கேம் கிடந்தது. மைக்ரோ ஜீனியஸ். 1994-இல் பினாங்கிலிருந்து அம்மான் கொண்டுவந்தது. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ விட்ட ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த பெட்டி என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்கு அது மலேயா கேம், அவ்வளவுதான்.

பெட்டியும் இரண்டு ரிமோட்டும் இருட்டில் கிடந்ததால் நிறம் அதிகம் மாறவில்லை. திரையில் பறக்கும் வாத்தைச் சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கியை மட்டும் யாரோ வளவு மாடக்குழியில் வைத்திருந்தார்கள். முற்றத்து வெயில் பட்ட பக்கம் வெற்றிலைப் பல் மாதிரி ஆகியிருந்தது, சுவர்ப் பக்கம் வெள்ளை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் குணம் அது. ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்கள். சீராகத் தடவாவிட்டால் திட்டுத் திட்டாக நிற்கும் என்பதால் நான் கை வைக்கவில்லை. மஞ்சள் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் ரிமோட். பின்பக்கம் ஐந்து ஸ்டார் திருகு. திறந்தால் உள்ளே ரப்பர் மெத்தை. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் பொட்டு இருக்கும். அழுத்தும்போது அந்தப் பொட்டு போர்டில் உள்ள இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. பழைய ரிமோட்டில் பாதிக் கோளாறு இந்தப் பொட்டில் படிந்த பிசுக்குதான். பிளாஸ்டிக் உறையையும் பட்டன்களையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். போர்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒற்றினேன். காரைக்குடியில் செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டாலே கொடுத்துவிடுகிறார்கள். சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கிறது, பிசுபிசுப்பு தங்கிவிடும். கார்பன் பொட்டை மட்டும் ஈரத்துணியால் லேசாகத் தொட்டு எடுத்தேன். அழுத்தித் தேய்த்தால் கறுப்பு துணியோடு வந்துவிடும். பிறகு பொட்டே இருக்காது.

துப்பாக்கிக்கு இரண்டு நாள் எடுத்தது. குழல் நுனியில் சின்ன லென்ஸ், அதன் மேல் ஒரு குளவிக் கூடு. (குளவி வாத்துக்கு எதிரியோ என்னவோ.) மண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டி, லென்ஸைத் துடைத்து, விசைக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சையும் சுத்தம் செய்து மூடினேன். ஹாலில் உள்ள 43 அங்குல டிவியில் மாட்டினோம். வாத்து பறக்கிறது, நாய் சிரிக்கிறது, சுட்டால் ஒன்றும் விழவில்லை. இரண்டடி தூரத்திலிருந்து சுட்டேன், திரையில் குழலை ஒட்டிவைத்தும் சுட்டேன். மகன் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

மறுபடி திறந்து, மறுபடி துடைத்து, கடைசியில்தான் புத்தி வந்தது. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது பார்க்கிற சாமான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் உணரி இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் சரியான நேரத்தில் கண்டால் வாத்து விழும். பின்பக்கம் பருத்த பழைய குழாய் டிவியில் சிக்னல் வந்த கணமே படம் கோடு கோடாக வரையப்படுகிறது. எல்சிடி படத்தை வாங்கி, ஒழுங்குபடுத்தி, தாமதமாகக் காட்டுகிறது. மின்னல் வருவதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடும்.

சரி, குழாய் டிவிக்கு எங்கே போவது? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் நூறு வருடத்துக் கதவு கிடைக்கும், பீங்கான் ஜாடி கிடைக்கும். டிவி கேட்டதற்கு, "அதெல்லாம் அப்பவே எடைக்குப் போயிருச்சுங்களே" என்று சிரித்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான், "எங்க வீட்டுல கலைஞர் டிவி இருக்குய்யா, மேல சாமான் அடுக்கி வச்சிருக்கேன்" என்றார். 2006-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய அதே 14 அங்குல இலவசப் பெட்டி. நானும் தம்பியும் தூக்கிவந்து, ஆன்டெனா ஒயரைச் செருகி, புள்ளிமழைக்குள் சேனல் சேனலாகத் தேடினோம். திடீரென்று நாய் வந்தது. முதல் குண்டிலேயே வாத்து விழுந்தது. ஆத்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னுமா இந்த வாத்து சாகலை?" என்றார்.

தேவகோட்டையிலிருந்து

அண்ணே, உங்களுக்குக் குளவி, எனக்குப் புளி. கேம் கேசட் ஓடவில்லை. அடியில் இருக்கும் செம்புப் பற்கள் கறுத்திருந்தன. அப்பத்தா, "பித்தளைக்குப் போடுற புளியை இதுக்கும் போடேன்" என்றார். போட்டேன். குத்துவிளக்கு தோற்றது, அப்படி ஒரு பளபளப்பு. கேமும் ஓடியது. பத்தாம் நாள் பற்கள் முழுக்கப் பச்சைக் களிம்பு. புளிப்பு உள்ளே தங்கினால் செம்பை விடாது போல. அப்புறம் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐபிஏ பஞ்சால் நாலைந்து தடவை துடைத்ததில் மூன்று கேசட் பிழைத்தன, ஒன்று போய்விட்டது. கேசட்டை வாயால் ஊதுவதும் இதே வகைதான், எச்சில் ஈரம். சின்ன வயதில் நாம் ஊதாத ஊத்தா!

அப்பத்தாவிடம் சொல்லவில்லை.

கோட்டையூரிலிருந்து

துடைக்கிறதெல்லாம் சரி தம்பிகளா, அடாப்டரைப் பார்த்தீர்களா? நான் எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரி துடைத்துவிட்டு, வீட்டில் கிடந்த 9 வோல்ட் அடாப்டரைச் செருகினேன். பின் சரியாகப் பொருந்தியது. சட்டென்று ஒரு நெடி, கேம் அணைந்தது. நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா என்று பார்க்கவில்லை. இந்தப் பெட்டிகளில் இரண்டு விதமும் உண்டு. ஜப்பான் ஃபாமிகாமிலேயே நடுப்பின் நெகட்டிவ்தான். உள்ளே வோல்டேஜைச் சீராக்கும் 7805 ரெகுலேட்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போயிருந்தன. மாற்றச் சாமானுக்கு ஆன செலவு ஒரு பிளேட் பணியாரத்துக்கும் குறைவு, ஆனால் செய்துதர ஆள் தேடி மூன்று வாரம் அலைந்தேன். ஒரு கடையில், "இதைப் போட்டுட்டு புதுசா வாங்குங்க சார்" என்று அறிவுரை வேறு.

இப்போது பெட்டியின் அடியில் நடுப்பின் எது என்று காட்டும் வட்டக் குறியைப் பார்த்து, அடாப்டரை மீட்டரிலும் வைத்துப் பார்த்த பிறகுதான் செருகுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து மறுபடியும்

கோட்டையூர் அண்ணனுக்கு நன்றி. போய்ப் பார்த்தேன், என்னுடையது நடுப்பின் பாசிட்டிவ். பெட்டி மேல் வெள்ளை பெயின்டில் எழுதியே வைத்துவிட்டேன். டிவியை அக்கா வீட்டில் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் பேரன் துப்பாக்கியைக் கீழே வைக்க மாட்டேன் என்று நின்றான். ஆகவே கேம் இப்போது அங்கே இருக்கிறது, டிவியின் மேல், சாமானுக்குப் பதிலாக.