கேட்க ஆளில்லாத காணி: இழப்புக்குப் பிறகு வன்னியில் கண்ட மனிதர்கள்

தருமபுரத்திலிருந்து:

இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில், 2009இல் முடிந்த சண்டைக் காலத்தில் யார் எப்படி நின்றார்கள் என்பதைப் பற்றி நிறையக் கதைத்தாயிற்று. எனக்கு ஆட்களைத் தெரிய வைத்தது அதற்குப் பிந்திய காலம். 2010இல் எங்கள் பக்கம் மீளக் குடியேற விட்டபோது வளவுக்குள் கால் வைக்கவே பயம். மிதிவெடி எடுத்தாயிற்று என்று சொன்ன இடத்திலும் தடத்தை விட்டு விலகி நடக்க மாட்டோம். வேலி என்று ஒன்று இல்லை. வேலிக்கு நட்டிருந்த கதியால் தடிகள் எரிந்தும் வெட்டுப்பட்டும் போயிருந்தன. ஆள் உயரத்துக்குப் பற்றை. கிணற்றுக் கட்டை வைத்துத்தான் எங்கட வளவு எது, பக்கத்து வளவு எது என்று பிடிக்க வேண்டியிருந்தது.

இங்கே அனேகம் பேருடையது அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தவை. பரந்தன் - முல்லைத்தீவு வீதி நீளத்துக்கும் ஒவ்வொரு இடமாகப் பெயர்ந்து போனபோது பெட்டி, படுக்கையோடு பத்திரங்களும் போய்விட்டன. பத்திரம் இல்லாதவருக்கு அயல் காணிக்காரர் சொல்லும் சொல்தான் பெரிய சாட்சி. அந்தச் சொல்லை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அதைப் பற்றி இப்போது எழுதவில்லை. நான் எழுத வந்தது எங்களுக்கு இரண்டு வளவு தள்ளியிருந்த பெரியப்பாவைப் பற்றி.

அவர் மனைவியையும் மூத்த மகனையும் பறிகொடுத்துவிட்டுத் தனியே வந்தவர். அவருடைய தெற்குப் பக்கத்துக் காணிக்காரர் குடும்பத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை மட்டும் மிஞ்சி, வவுனியாவில் மாமி வீட்டில் நின்றது. வந்த முதல் மாரியிலேயே பெரியப்பா எல்லை பிடிக்கத் தொடங்கிவிட்டார். பற்றையை வெட்டி, எரிந்துபோன பழைய பனங்கட்டை ஒன்றைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கயிறு கட்டினார். அலவாங்கால் கிடங்கு போட்டு, கிளுவைக் கதியாலின் அடியைச் சரிவாகச் சீவி நட்டு, வெட்டுவாய் காயாமல் இருக்க நுனியில் சாணி அப்பிவிடுவார். ஒரு கதியால் பட்டுப்போனால் அடுத்த மழைக்கு அதே கிடங்கில் இன்னொன்று. கயிறு ஒரு விரல் கூட அங்கால் போகாது.

அப்போது தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்த எங்களில் ஒருவர் சொன்னார்: "அண்ணை, அந்தப் பக்கம் ஆர் வந்து கேக்கப் போகினம்? ஒரு பாகம் தள்ளிப் போடுங்கோவன்."

"கேக்க ஆளில்லாத காணியிலதான்ரா கவனமா இருக்கோணும்" என்றார்.

தேன் ஒழுகப் பேசுகிற ஆள் அல்ல அவர். சரியான கோபக்காரர். மாங்காய்க்குக் கல்லெறிந்த பிள்ளைகளைக் கலைத்துக்கொண்டு ரோட்டு வரைக்கும் ஓடுவார். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் சண்டை பிடிக்காமல் ஒரு நாளும் எழும்பி வந்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் காணியில் தப்பி நின்ற தென்னைகளில் பறித்த தேங்காய்க்குச் சீஆர் கொப்பியில் கணக்கு வைத்திருந்தார். திகதி, எத்தனை காய், என்ன விலைக்குப் போனது, பறித்தவனுக்குக் கொடுத்த கூலி எல்லாம் குண்டுக் குண்டு எழுத்தில். பிள்ளை வளர்ந்து உயர்தரம் முடித்து மாமியோடு வந்தபோது கொப்பியையும் காசையும் கொடுத்தார். கிராம சேவையாளர் வந்து எல்லை கேட்டபோது ஆளுக்கு முன்னால் நடந்து கதியாலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிள்ளை அழுதது. அவர் "வெயிலுக்க நிண்டு அழாத, உள்ளுக்குப் போ" என்று ஏசினார்.

எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். அவருக்கு ஒருவரும் போர்த்தவில்லை. அந்தக் குறை எனக்கு உண்டு.

முள்ளியவளையிலிருந்து:

மேலே எழுதியவர் சொன்னது போலத்தான், வந்த பிறகுதான் எல்லாம் தெரிந்தது. எங்கள் ஊரில் மீளக் குடியேறிய பிறகு நடந்த முதல் மரண வீடு எனக்கு மறக்காது. எண்பது கடந்த ஆச்சி, படுக்கையில், பிள்ளைகள் பால் பருக்கப் போன உயிர். அதற்கு முன் நாங்கள் கண்ட சாவுகளில் ஒன்றுக்கும் பறை அடிக்கவில்லை, பந்தல் போடவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. சண்டை முடிந்த முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள்ளேயே மூடிவிட்டு ஓடினவர்கள் நாங்கள். சிலருக்குத் திதி பார்க்கத் திகதியே தெரியாது.

அன்றைக்கு ஆச்சி வீட்டில் தறப்பாள்களைப் பொருத்திப் பந்தல் போட்டார்கள். பறைச் சத்தம் கேட்ட உடனே ஊர்ப் பெண்கள் வந்து விழுந்த மாதிரியை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆச்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருத்தி தன் மகன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். பக்கத்திலிருந்தவள் தன் தகப்பன் பெயரை. யாருடைய செத்த வீடு என்றே தெரியாத நிலை. ஆச்சியின் மகள் அதைக் குறையாக எடுக்கவில்லை. ஒவ்வொருவரின் முதுகையும் தடவி, "அழுங்கோ, அழுங்கோ, அம்மா எல்லாருக்கும் சேத்துத்தான் படுத்திருக்கிறா" என்றாள். தாயை எடுத்துக்கொண்டு போகப் போகிற வேளையில் இப்படிச் சொல்ல எந்த மனம் வேண்டும் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடவில்லை. சோறு ஒரு வீடு, கறி ஒரு வீடு. அப்போது நிவாரண அரிசிதான் எல்லோருக்கும். அதில்தான் பகிர்ந்தோம். வட்டாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குக்கூட அவ்வளவு ஒற்றுமையாய் ஊர் நின்று நான் காணவில்லை.

கிளிநொச்சியிலிருந்து:

செத்தவர்களுக்கு அழ முடிந்தது ஒரு ஆறுதல். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் அதுவும் இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி எங்கள் கந்தசுவாமி கோயிலடியில் அவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் இருந்த ஒரு அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். கணவரைத் தேடுகிறவ. மரணச் சான்றிதழ் எடுங்கள், உதவி கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்கவில்லை. பொட்டையும் விடவில்லை. அதற்காக ஊரில் கேட்ட கதைகளை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. நல்ல காரியங்களில் அவ தானாகவே பின்னுக்கு, சமையல் பக்கம் போய் நின்றுவிடுவா.

எங்கள் அயலில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வந்து இறங்குகிறார், ஆராத்தி எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெண்ணின் தாய் நேரே சமையல் கொட்டிலுக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தா. அக்கா கை முழுக்க மரக்கறித் தோல். "வேண்டாம் தங்கச்சி, சனம் கதைக்கும்" என்றா. "கதைக்கிறவை என்னோட வந்து கதைக்கட்டும். நீங்கள் சுமங்கலி எண்டு நீங்கள் சொல்லுறியள், எனக்கு அது காணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, தன்ர சீலைத் தலைப்பாலேயே அவவின் கையைத் துடைத்துவிட்டுத் தட்டைக் கொடுத்தா. அக்காவின் கை நடுங்கியது. மற்றப் பக்கம் தட்டைப் பிடித்திருந்தவ அவவின் வேகத்துக்குத் தன் கையை மெதுவாக்கினா.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வேறு வீடுகளிலும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முகம் சுளிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. மாதர் சங்கக் கூட்டத்தில் அவர்களோடு கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.