மொட்டைமாடி ஷீட்டைத் தூக்கும் காற்று, வீட்டுக்குள் வராத காற்று: பார்த்ததைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம், ஷெட் வேலை:
2011 டிசம்பர் 30 அன்று வந்த ‘தானே’ புயல் மாதிரிப் புயலில், மொட்டைமாடிக் கூரையின் தகர ஷீட் நடுவில் பிய்வது குறைவு. ஓரத்தில், அதிலும் மூலையில்தான் முதலில் கிளம்பும். காற்று சுவரில் மோதி மேலேறி, விளிம்பில் கூரையை விட்டு விலகுகிறது. விலகிய இடத்தில் அழுத்தம் குறைந்து ஷீட்டை மேலே உறிஞ்சுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டடங்கள் தாங்கவேண்டிய காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகம். அது புதுச்சேரிக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். காற்றின் அழுத்தம் 0.6 × வேகம் × வேகம். 0.6 × 50 × 50 = சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. பத்தடிக்கு மூன்றரை அடி ஷீட்டில் அது 500 கிலோவை நெருங்கும். மூலையில் இன்னும் கூடும். ஷீட்டின் எடையோ 15 கிலோ! நாலு மணல் மூட்டை வைத்து என்ன ஆகப்போகிறது?

ஓரத்தில் பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளின் இடைவெளியைப் பாதியாக்குங்கள். நடுவில் நாலடி என்றால் அங்கே இரண்டடி. ஓரப் பர்லினில் ஷீட்டு மடிப்பின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ வேண்டும். உப்புக்காற்றில் வாஷர் வெடித்து, துளையைச் சுற்றித் துரு தின்று, கடைசியில் ஸ்க்ரூ நிற்க ஷீட் மட்டும் கழன்று போகும். வருஷம் ஒருமுறை, ஐப்பசிக்கு முன்னால், கையால் அசைத்துப் பாருங்கள். ஷெட்டின் கால் பைப்புக்கு அடியில் உள்ள பேஸ் பிளேட்டைக் கைப்பிடிச்சுவர்ச் செங்கல்லில் அடிக்கவே கூடாது. செங்கல்லோடு சேர்ந்து வந்துவிடும். தூணிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் போடுங்கள்.

முத்தியால்பேட்டை, மேஸ்திரி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. மழைச்சாரலுக்காக மூன்று பக்கம் அடைத்து, கடல் பார்த்த பக்கத்தைத் திறந்து விடுகிறார்கள். ரொம்ப ஆபத்து. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கீழிருந்து தள்ளும், மேலே உறிஞ்சல், இரண்டும் கூடிவிடும். எதிர்ப்பக்கத்தையும் திறந்து விடுங்கள்.

லாஸ்பேட்டை, கட்டடப் பொறியாளர்:
புயல் இல்லாத நாளின் கதை வேறு. புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து மேற்கே போகும் தெருக்களில் மதியக் கடல்காற்று நேராக ஓடுகிறது. கடலுக்கு இணையான தெருவில், வீட்டு உயரம் தெரு அகலத்தில் முக்கால் பங்கைத் தாண்டினால் காற்று கூரைகளுக்கு மேலேயே தாவிப் போய்விடும். பழைய தமிழ் வீடுகளில் வாசல், நடை, முற்றம், கொல்லை ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால் காற்றுக்கு நுழைவும் உண்டு, வெளியேற்றமும் உண்டு. முற்றத்தை ஷீட் போட்டு மூடினால் வெளியேற்றம் செத்துவிடும். மூடித்தான் ஆகவேண்டுமென்றால் சுற்றிலும் ஒன்றரை அடி உயர்த்தி வலை அடியுங்கள். உயர்த்திய விளிம்பையும் புயல் பிடிக்கும், அண்ணன் சொன்ன ஸ்க்ரூ கணக்கு அங்கேயும் வேண்டும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பாருங்கள். வடக்கு, தெற்கு இரு நீளச் சுவர்களும் திருப்பித் திறந்து மூடும் பலகைகள்தான். நம் வீட்டில் ஒரே பக்கம் இரண்டு பெரிய ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிரே இரண்டு சின்னது மேல்.

வீடு வாங்கும் முன் சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளே ஓர் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை நேரே மேலே போனால் அந்த அறைக்குக் காற்று வரவில்லை.